பவர் பேங்க்கை எந்தப் பையில் வைக்கணும்? வீட்டிலும் பயணத்திலும் தெரிஞ்சிருக்க வேண்டிய கணக்கு இதுதான்!

ஒத்தக்கடையில் பஸ் ஏறி, மாட்டுத்தாவணியில் இறங்கி, அங்கிருந்து மதுரை விமான நிலையம் போய் துபாய்க்கோ கொழும்புக்கோ கிளம்புபவர்கள் நிறைய பேர். பெட்டி கட்டும் அவசரத்தில் பலரும் செய்யும் தவறு, பவர் பேங்க்கை துணிகளோடு பெரிய பெட்டியில் போட்டுவிடுவது. ஸ்கேனரில் தெரிந்தால் பெட்டியைத் திறந்து அதை எடுக்கச் சொல்வார்கள்.

ஏன் இந்தக் கட்டுப்பாடு?

பவர் பேங்க்கில் இருப்பது லித்தியம் பேட்டரி. உள்ளே ஷார்ட் ஆனால் சில நொடிகளில் தீப்பிடிக்கலாம். சரக்கு அறையில் பிடித்தால் உடனே யாருக்கும் தெரியாது. கேபினில் என்றால் ஊழியர்கள் அணைத்துவிட முடியும். அதனால்தான் கைப்பையில் மட்டுமே அனுமதி.

2025 ஜனவரியில் தென் கொரியாவின் பூசான் விமான நிலையத்தில் ஏர் பூசான் விமானம் தீப்பிடித்தது. பவர் பேங்க் காரணமாக இருக்கலாம் என்றது விசாரணை. அதே ஆண்டு ஏப்ரலில் சிங்கப்பூர் ஏர்லைன்ஸும், அக்டோபரில் எமிரேட்ஸும் விமானத்துக்குள் பவர் பேங்க் பயன்படுத்தத் தடை விதித்தன.

உங்க பவர் பேங்க் தேறுமா?

எம்.ஏ.ஹெச் அளவை 3.7-ஆல் பெருக்கி, 1000-ஆல் வகுத்தால் வாட் ஹவர் கிடைக்கும்.

• 10,000 எம்.ஏ.ஹெச் = 37 வாட் ஹவர்
• 20,000 எம்.ஏ.ஹெச் = 74 வாட் ஹவர்
• 30,000 எம்.ஏ.ஹெச் = 111 வாட் ஹவர்

100 வரை பிரச்னை இல்லை. 100 முதல் 160 வரை விமான நிறுவனத்தின் அனுமதி வேணும். அதற்கு மேல் கிடையாது. அளவு அச்சிடப்படாத, எழுத்து அழிந்த பவர் பேங்க்கையும் தவிர்த்துவிடுங்க.

ரயிலில் போறீங்களா?

பாண்டியன் எக்ஸ்பிரஸ் மாதிரி இரவு ரயிலில் ஏறி, படுக்கப் போகும்போது சார்ஜ் போடலாம் என்று இருக்காதீங்க. தீ விபத்தைத் தடுக்க இரவு 11 மணி முதல் காலை 5 மணி வரை சார்ஜிங் பாயின்ட்டுகளை ரயில்வே அணைத்து வைக்கிறது. ஏறியதும் சார்ஜ் போடுங்க. இல்லைன்னா பவர் பேங்க்தான் கை கொடுக்கும். ஆனால் சார்ஜ் ஏறும்போது தலையணைக்கு அடியில் வேண்டாம்; சூடு வெளியேற வழி இருக்காது.

10,000 போட்டும் ஏன் இரண்டு முறை ஏறலை?

ஏமாற்று வேலை இல்லை. உள்ளே 3.7 வோல்ட்டில் இருக்கும் மின்சாரம் 5 வோல்ட்டாக மாறித்தான் போனுக்கு வருகிறது. அந்த மாற்றத்தில் அளவு குறையும், சூடாகவும் கொஞ்சம் வீணாகும். வாங்கும்போது பின்பக்கம் 'ரேட்டட் கெபாசிட்டி' என்று எழுதியிருப்பதைப் பாருங்க. உண்மையில் கிடைப்பது அதுதான்.

வீட்டில் கரன்ட் போனால்?

வைஃபை ரவுட்டரையும் இதில் ஓட்டலாம். பல ரவுட்டர்களுக்கு 12 வோல்ட் தேவை. 5 வோல்ட்டை 12 ஆக்கும் யூஎஸ்பி கேபிள் தனியாக வாங்கணும். ரவுட்டரின் அடாப்டரில் உள்ள வோல்ட், ஆம்பியர் அளவைப் பார்த்துவிட்டு மாட்டுங்க.

கடைசியாக ஒன்று: பவர் பேங்க் லேசாக உப்பினாலும் அதோடு நிறுத்திவிடுங்க. அழுத்தவோ குத்தவோ கூடாது. குப்பைத்தொட்டியிலும் போடாமல், மின்னணுக் கழிவு வாங்கும் இடத்தில் கொடுத்துவிடுங்க.