நல்லாத் தெரியுற கண்ணை எதுக்குக் காட்டணும்?

மாதனூரில் ஒரு வீட்டைக் கற்பனை செய்துகொள்வோம். ஆம்பூருக்கும் பள்ளிகொண்டாவுக்கும் நடுவே, பாலாற்றங்கரையில் இருக்கும் இந்த ஊர்ப்பக்கம் வாழ்பவர்களுக்குக் கற்பனை அதிகம் தேவைப்படாது. கணவருக்கு ஷூ கம்பெனியில் கட்டிங் செக்‌ஷன் வேலை, வயது ஐம்பதை ஒட்டி, சுகர் வந்து எட்டு வருடம். மாத்திரை தவறாமல் போடுகிறார். பிரியாணியில் மட்டும் தவறுகிறார். ஆம்பூர்ப் பக்கம் பிறந்துவிட்டு அதைத் தவறு என்று எப்படிச் சொல்வது?

"என்னங்க, இந்த மாசமாச்சும் கண்ணு காட்டிட்டு வந்துடலாமே. ஆஸ்பத்திரியில நர்ஸம்மா ரெண்டு தடவ சொல்லிட்டாங்க."

"எனக்கு இன்னா கண்ணு தெரியலையா? ஊசியக் கொண்டா, நூலு கோத்துக் காட்டறேன்."

கோத்தும் காட்டிவிடுவார். இந்த வாக்குவாதத்தில் மனைவி தோற்றுப்போகும் இடம் அதுதான். கண்ணெதிரே நூல் ஊசிக்குள் நுழைந்துவிட்ட பிறகு அவர் என்ன பேச முடியும்?

ஆனால் அந்தக் கணவர் பார்க்கும் தொழிலிலேயே இதற்கான பதில் இருக்கிறது. தோல் ஷாப்புக்கு வந்திறங்கும் பச்சைத்தோலை மேலாகப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. மயிர் மூடியிருக்கும். சுண்ணாம்பில் ஊறி, மயிர் கழிந்து, குரோம் ஏறி நீல நிறத்தில் வெளியே வரும்போதுதான் உண்ணி கடித்த புள்ளிகளும் முள் கீறிய கோடுகளும் கண்ணில் படும். ரகம் பிரிப்பவர் வெளிச்சத்தில் விரித்துப் போட்டு, ஒவ்வொரு தோலாகத் தடவிப் பார்த்துத் தரம் குறிப்பார். ஆடு உயிரோடு துள்ளிக்கொண்டிருந்தபோது அந்த உண்ணிக்கடி யாருக்குத் தெரிந்தது?

கண்ணின் உட்சுவரில் விரிந்திருக்கும் விழித்திரையும் அப்படிப்பட்டதுதான். அதன் நுண்ணிய ரத்தக் குழாய்களைச் சுற்றி, சுவருக்கு முட்டுக்கொடுக்கும் உயிரணுக்கள் உண்டு. ரத்தத்தில் சர்க்கரை ஆண்டுக்கணக்கில் மிகுந்தே இருந்தால் முதலில் அவை சாகின்றன. முட்டுப் போன இடத்தில் குழாய்ச்சுவர் குட்டிக் குட்டிக் கொப்புளங்களாகப் புடைக்கிறது. கொப்புளம் கசிகிறது. கசிந்த கொழுப்பு மஞ்சள் திட்டாகப் படிகிறது, சில இடங்களில் ரத்தப் பொட்டு விழுகிறது. இவ்வளவு நடந்தும் வலி இல்லை, சிவப்பு இல்லை, உறுத்தல் இல்லை. விழித்திரையின் நடுவில், படிக்கவும் நூல் கோக்கவும் பயன்படும் சிறு பரப்பை மாக்குலா என்கிறார்கள். கசிவு அதைத் தொடாதவரை பார்வைப் பலகையின் கடைசி வரி வரை தடையில்லாமல் படிக்கலாம். நூல் கோப்பது அந்த நடுப்பரப்புக்கு வைக்கும் பரீட்சை. சுற்றியுள்ள பரப்பைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது.

கண்ணாடிக் கடையில் பார்த்தாயிற்று என்பவர்களுக்கும் இதே கதைதான். அங்கே அளப்பது பவர். அதிலும் சுகர்காரர்களுக்கு ஒரு கூடுதல் குழப்பம் உண்டு. சர்க்கரை ஏறி இறங்கும்போது கண்ணின் லென்ஸ் நீர் கோத்து உப்பி, மறுபடி வடியும். பவரும் கூடவே மாறும். சர்க்கரை எகிறி நிற்கும் வாரத்தில் எடுத்த கண்ணாடி, அது அடங்கிய மாதத்தில் ஒத்துவராது. பலர் அந்தக் கண்ணாடியைத் திட்டிக்கொண்டே இரண்டாவது கண்ணாடி வாங்குகிறார்கள்.

அடுத்த கட்டம் மோசமானது. அடைபட்ட குழாய்களால் விழித்திரையின் சில பகுதிகளுக்கு ரத்தம் போவதில்லை. பிராணவாயு கிடைக்காத அந்தப் பகுதி, புதுக் குழாய்களை முளைக்கச் சொல்லும் ஒரு புரதத்தைச் சுரக்கிறது. பாலாறு வறண்ட நாட்களில் மணலைத் தோண்டி ஊற்றுக்கால் வெட்டுவார்கள் அல்லவா, அந்த மாதிரி ஒரு தவிப்பு. அவசரத்தில் வெட்டிய கால்வாயின் கரை எப்படி நிற்காதோ, அப்படியே இந்தப் புதுக் குழாய்களும் நிற்பதில்லை. ஒருநாள் காலையில் உடைந்து, கண்ணுக்குள் இருக்கும் கூழில் ரத்தம் பரவுகிறது. கண்ணில் கொசு பறக்குது, கருப்பு நூல் தொங்குது, திரை விழுந்த மாதிரி இருக்குது என்று அலறி அடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடுவது அன்றைக்குத்தான். முந்தின நாள் வரை அவர் ஊசியில் நூல் கோத்திருக்கக்கூடும்.

எல்லா சுகர்காரருக்கும் இப்படி ஆகிவிடும் என்று பயமுறுத்துவது நேர்மையில்லை. சங்கர நேத்ராலயாவின் ஆய்வுகளில், சர்க்கரை நோய் உள்ளவர்களில் விழித்திரைப் பாதிப்பு இருந்தது சென்னை நகரத்தில் 18 சதவீதம் பேருக்கு. தமிழகக் கிராமப்புறத்தில் 10.3 சதவீதம் பேருக்கு. அதிலும் உடனே வைத்தியம் தேவைப்படும் நிலையில் இருப்பவர்கள் இன்னும் குறைவு. அதாவது கண் காட்டப் போகும் பத்துப் பேரில் எட்டு, ஒன்பது பேர் "ஒண்ணும் இல்ல, அடுத்த வருஷம் வாங்க" என்ற சொல்லோடுதான் திரும்பி வருவார்கள். வீட்டில் பேசும்போது இதை முதலில் சொல்லிவிடுவது நல்லது. "கண்ணு போயிடும்" என்று ஆரம்பித்தால் ஆண்கள் காதை மூடிக்கொள்கிறார்கள்.

ஆனால் கூட்டம் பெரியது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2023-இல் வெளியிட்ட நாடு தழுவிய ஆய்வின்படி சர்க்கரை நோயாளிகள் 10 கோடிக்கும் மேல். தமிழ்நாட்டில் பெரியவர்களில் 14.4 சதவீதம். வருடங்கள் கூடக்கூடப் பாதிப்பும் கூடும். இருபது வருடம் சுகரோடு வாழ்ந்தவர்களில் பாதிக்கும் மேற்பட்டோரின் விழித்திரையில் ஏதாவது ஒரு தடயம் இருக்கும். அதனால்தான், வயதுவந்தபின் வரும் வழக்கமான சுகர் என்றால், அது தெரிந்த அன்றைக்கே ஒரு முறையும் பிறகு ஆண்டுக்கு ஒரு முறையும் பார்க்கச் சொல்கிறார்கள். தெரிந்த அன்றைக்கே ஏன்? தெரிவதற்குப் பல வருடம் முன்பே அது வந்து உட்கார்ந்திருக்கும் என்பதால்தான்.

ஆண்டுதோறும் பார்ப்பதால் என்ன லாபம் என்று கேட்டால், இங்கிலாந்தைப் பார்க்கலாம். 2003-இல் அங்கே சர்க்கரை நோயாளிகளை வருடா வருடம் அழைத்து விழித்திரையைப் படமெடுக்கும் தேசியத் திட்டம் தொடங்கியது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் உழைக்கும் வயதினருக்குப் பார்வை பறிபோகும் காரணங்களில் அரை நூற்றாண்டாக முதலிடத்தில் இருந்த சர்க்கரை, 2009-10 கணக்கெடுப்பில் அந்த இடத்தை இழந்துவிட்டது. பரம்பரை விழித்திரை நோய்கள் முன்னே வந்துவிட்டன. சர்க்கரையைக் கட்டுப்படுத்தும் வைத்தியம் மேம்பட்டதற்கும் இதில் பங்குண்டு. ஆனாலும் அழைப்புக் கடிதம் வீட்டுக்கு வந்துகொண்டே இருந்தது சாதாரண விஷயமில்லை. நம் ஊரில் 2021 முதல் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சுகர் மாத்திரை வாசலுக்கு வருகிறது. கண் பரிசோதனைக்கான அழைப்புக் கடிதத்தின் வேலையைப் பெரும்பாலும் மனைவிமார்தான் பார்க்கிறார்கள், சம்பளமில்லாமல்.

அழைத்தும் ஏன் வருவதில்லை? பயமும் சோம்பலும் மட்டும் காரணமில்லை. பரிசோதனையின் அமைப்பே கூலி வேலைக்காரருக்கு எதிராக இருக்கிறது. பாப்பா விரிய மருந்து விடுவார்கள். விரிய அரைமணி நேரத்துக்கு மேல் ஆகும். விரிந்தபின் நாலைந்து மணி நேரம் கிட்டத்தில் இருப்பது மங்கும், வெயில் குத்தும். பைக் ஓட்டக் கூடாது. தோல் வெட்டும் கிளிக்கிங் மெஷினில் கை வைக்கவே கூடாது. "காலைல காட்டிட்டு மத்தியானம் ஷிப்ட்டுக்குப் போயிடலாம்" என்று மனைவி சொல்லி அழைத்துப் போயிருந்தால், அந்த ஆள் மறுபடி ஒரு நாளும் வரமாட்டார். அவர் கணக்கில் அவள் பொய் சொன்னவள். முழு நாள் போகும் என்று முன்கூட்டியே சொல்லி, சம்பள வாரத்தைத் தவிர்த்து நாள் குறித்து, பைக்கை வீட்டிலேயே நிறுத்திவிட்டு பஸ்ஸில் போவதுதான் உசிதம். ஈஎஸ்ஐ பிடித்தம் உள்ள தொழிலாளி என்றால் கணவன் மனைவி இருவருக்குமே அதில் வைத்தியம் உண்டு. பல வீடுகளில் அந்த அட்டை பீரோவில் பட்டுப்புடவைக்கு அடியில் தூங்குகிறது.

இன்னொரு பயம் ஊசி. "கண்ணுல ஊசி போடுவாங்களாமே" என்று யாரோ டீக்கடையில் சொல்லியிருப்பார்கள். பரிசோதனையில் ஊசி கிடையாது. சொட்டு மருந்து, பிறகு ஒரு வெளிச்சம் அல்லது கேமராவின் ஃபிளாஷ், அவ்வளவுதான். சில கேமராக்களுக்குச் சொட்டு மருந்துகூட வேண்டியதில்லை. கண்ணுக்குள் ஊசி என்பது மாக்குலா வீங்கியவர்களுக்கும் கேடான புதுக் குழாய்கள் முளைத்த சிலருக்கும். அந்தப் புதுக்குழாய்ப் புரதத்தைத் தடுக்கும் மருந்து அது. மரத்துப்போகும் சொட்டு விட்டுத்தான் போடுகிறார்கள்.

ஊசி தவிர இன்னொரு வைத்தியம் லேசர். அது வந்த கதை சுவையானது. 1945 ஜூலையில் ஐரோப்பாவில் சூரிய கிரகணம். வெறும் கண்ணால் பார்த்து விழித்திரையைச் சுட்டுக்கொண்டு வந்த நோயாளிகளை ஹாம்பர்க் நகரில் கெர்ட் மேயர்-ஷ்விக்கெராத் என்ற இளம் மருத்துவர் பார்த்தார். வெளிச்சம் சுடும் என்றால், நாம் வேண்டிய இடத்தில் சுடலாமே என்று அவருக்குத் தோன்றியது. சூரிய ஒளியையே கண்ணாடிகளால் திருப்பிவிட்டு முதலில் முயன்றார். லேசர் பின்னால் வந்தது. புதுக் குழாய்கள் முளைத்த கண்ணில், ஓரப்பரப்பு முழுக்க நூற்றுக்கணக்கான சிறு சூடுகள் வைத்துப் பட்டினி கிடக்கும் பகுதியை அடக்குவார்கள். புரதம் சுரப்பது குறையும், நடுப்பார்வை பிழைக்கும். பெரும் பார்வை இழப்பைப் பாதிக்கும் மேல் இது குறைக்கிறது என்று அமெரிக்காவில் நடந்த பெரிய ஆய்வு 1976-இலேயே காட்டிவிட்டது. விலையும் உண்டு: இருட்டில் பார்வை கொஞ்சம் குறையலாம், ஓரப்பார்வை சுருங்கலாம். கட்டிங் தெரிந்தவருக்கு இதை விளக்க நேரமே ஆகாது. வயிற்றோரத் தோல் போனாலும் முதுகுத்தோல் தப்பினால் ஷூவின் முன்பக்கம் தேறிவிடும்.

போன பார்வையைத் திருப்பித் தருவதில் லேசர் கெட்டிக்காரன் இல்லை. இருப்பதைக் காப்பதில்தான் கெட்டி. ஆகவே நல்லாத் தெரியுற கண்ணோடு வந்தவருக்குத்தான் அதனால் முழுப் பலன்.

ரகம் பிரிக்கும் வேலையை இப்போது கணினியும் கற்றுக்கொண்டிருக்கிறது. 2016-இல் கூகுள் ஆராய்ச்சியாளர்கள் வெளியிட்ட கட்டுரைக்கு 1,28,175 விழித்திரைப் படங்கள் பயன்பட்டன. அமெரிக்கக் கண் மருத்துவர்கள் 54 பேர் தரம் குறித்த அந்தப் படங்களில் மதுரை அரவிந்த், சென்னை சங்கர நேத்ராலயா, பெங்களூர் நாராயண நேத்ராலயா ஆகியவற்றின் நோயாளிகளுடையவையும் இருந்தன. படத்தைப் பார்த்துத் தரம் சொல்பவரை அவர்களும் 'கிரேடர்' என்றுதான் அழைக்கிறார்கள். தோல் ஷாப்பில் பேச்சுக்கொடுத்துப் பாருங்கள், அந்தச் சொல் யாருக்கும் புதிதாக இருக்காது.

இனி, வர மறுப்பவரை அழைத்துப்போகும் வித்தை. எனக்குத் தெரிந்து உருப்படியாக வேலை செய்வது ஒன்றுதான்: அவரை நோயாளியாக அழைக்காமல் துணைக்கு அழைப்பது. "எனக்குக் கண்ணு காட்டணும், தனியாப் போக பயமா இருக்கு, வாங்க" என்றால் பெரும்பாலான ஆண்கள் சட்டையை மாட்டிக்கொள்வார்கள். இது வெறும் தந்திரமும் இல்லை. கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகக் குழு 2014-இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், வாழ்க்கைத்துணைக்குச் சர்க்கரை இருந்தால் மற்றவருக்கு அது வரும் வாய்ப்பு 26 சதவீதம் கூடுதலாக இருந்தது. ரத்த உறவு இல்லை, ஒரே அடுப்பு, ஒரே சோறு. அவருக்கு எட்டு வருடமாகச் சுகர் என்றால், அவருக்காக ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக அலையும் மனைவி தன் சுகரைக் கடைசியாக எப்போது பார்த்தார்? கேட்டுப் பாருங்கள். "எனக்கென்ன, நல்லாத்தான் இருக்கேன்" என்பார். அதே நூல், அதே ஊசி.

வேலூருக்குப் போனால் ஆரணி சாலையில் ஷெல் கண் மருத்துவமனை இருக்கிறது. சி.எம்.சி.யின் கண் பிரிவு அங்கேதான் வளர்ந்தது. அந்தக் கட்டடத்துக்கு ஒரு கதை உண்டு. 1890களில் திண்டிவனத்தில், ஒரே இரவில் மூன்று கணவர்கள் பிரசவத்தில் தவிக்கும் தம் மனைவியருக்கு உதவி கேட்டு ஐடா ஸ்கடர் என்ற இளம்பெண்ணிடம் வந்தார்கள். ஐடா மருத்துவர் இல்லை, அவர் அப்பாதான் மருத்துவர். ஆண் மருத்துவர் வேண்டாம் என்று மூவரும் திரும்பிவிட, மூன்று பெண்களும் இறந்துபோனார்கள். ஐடா அமெரிக்கா போய்ப் படித்து, மருத்துவராக 1900-இல் திரும்பினார். 1902-இல் அவர் திறந்த மருத்துவமனைக்கு, பணம் தந்த நியூயார்க்காரர் ஒருவர் தன் மறைந்த மனைவி மேரி டேபர் ஷெல்லின் பெயரை வைத்தார். கணவன்மார் மறுத்ததில் தொடங்கி, ஒரு கணவர் தந்ததில் எழுந்த கட்டடம். அங்கே மருந்து விட்டுக் கண்மூடி உட்கார்ந்திருக்கும் ஜோடிகளைப் பார்த்தால் எனக்கு இந்தக் கதைதான் நினைவுக்கு வரும்.

திரும்பும்போது ஒரு எச்சரிக்கை. இருவரும் ஒரே நாளில் மருந்து விட்டுக்கொண்டால் பஸ் பலகையைப் படிக்க ஆளிருக்காது. மகனையோ மகளையோ கூட்டிப் போவது உத்தமம். அல்லது இந்த மாதம் அவருக்கு, அடுத்த மாதம் இவருக்கு. புது பஸ் நிலையத்தில் வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு அவர் நிற்கிறார். நூல் கோத்துக் காட்டிய அதே ஆள்.

"எந்த வண்டிம்மா இது?"

"ஆம்பூரு போட்டிருக்குங்க. மாதனூர்ல நிக்குமான்னு கேட்டுட்டு வரேன், அசையாம இங்கயே இருங்க."