பற்றாக்குறை தானாக வருகிறதா?

2022ஆம் ஆண்டு மார்ச் 26ஆம் தேதி, சிங்கப்பூரின் ஆர்ச்சர்ட் சாலையில் உள்ள ஒரு கடைத்தொகுதியில் பெருங்கூட்டம் கூடியது. ஸ்வாட்ச், ஒமேகா ஆகிய நிறுவனங்கள் இணைந்து வடிவமைத்த கைக்கடிகாரம் அன்று விற்பனைக்கு வந்தது. பல ஆயிரம் வெள்ளி மதிப்புள்ள ஒமேகா கடிகாரத்தைப் போன்ற ஒன்று சில நூறு வெள்ளிக்குக் கிடைக்கும் என்பதால் மக்கள் திரண்டனர். ஆனால், வரிசையில் நின்ற பலர் வெறுங்கையுடன் திரும்பினர். விரைவிலேயே அதே கடிகாரம் இணையத்தில் பன்மடங்கு விலைக்கு விற்கப்பட்டது.

புதிய பொருள்கள் அறிமுகமாகும்போது இத்தகைய காட்சிகளை அடிக்கடி காண முடிகிறது. இது நிறுவனங்கள் திட்டமிட்டு உருவாக்கும் தட்டுப்பாடா? அல்லது உற்பத்தியிலும் விநியோகத்திலும் ஏற்படும் சிக்கலா?

அரிதாகக் கிடைக்கும் பொருளை மனித மனம் உயர்வாக மதிப்பிடுகிறது. 1975ஆம் ஆண்டில் ஸ்டீஃபன் வோர்ச்செல் என்ற உளவியல் அறிஞரும் அவருடைய குழுவினரும் ஒரு சோதனையின் முடிவை வெளியிட்டனர். அதில், சிலருக்குப் பத்து பிஸ்கட்டுகள் இருந்த சாடியும் வேறு சிலருக்கு அதே பிஸ்கட்டுகள் இரண்டு மட்டுமே இருந்த சாடியும் கொடுக்கப்பட்டன. இரண்டு பிஸ்கட்டுகளைக் கண்டவர்களே அவற்றை அதிகம் விரும்பினர். அவற்றுக்குக் கூடுதல் விலை கொடுக்கலாம் என்றும் கருதினர். ஆனால், அவை கூடுதல் சுவையாக இருந்தன என்று அவர்கள் கூறவில்லை.

இந்த மனப்போக்கைச் சில நிறுவனங்கள் வெளிப்படையாகவே பயன்படுத்துகின்றன. லபுபு பொம்மைகள் மர்மப் பெட்டிகளில் விற்கப்படுகின்றன. பெட்டியைத் திறக்கும் வரை உள்ளே எந்தப் பொம்மை இருக்கிறது என்று தெரியாது. சில தொகுப்புகளில், 72 பெட்டிகளுக்கு ஒன்று என்ற விகிதத்தில்தான் சிறப்புப் பொம்மை கிடைக்கும். இந்த விகிதத்தை முடிவு செய்வது தொழிற்சாலையின் திறன் அன்று, விற்பனை உத்தியே.

எல்லாத் தட்டுப்பாடுகளும் இப்படிப்பட்டவை அல்ல. சோனி நிறுவனத்தின் பிளேஸ்டேஷன் 5 விளையாட்டுச் சாதனம் 2020ஆம் ஆண்டு நவம்பரில் வெளியானது. அப்போது கொவிட்-19 பெருந்தொற்றால் தொழிற்சாலைகளும் கப்பல் போக்குவரத்தும் பாதிக்கப்பட்டிருந்தன. வீட்டிலிருந்தே வேலை செய்தவர்களும் படித்தவர்களும் கணினிகளை வாங்கியதால், உலகெங்கும் மின்னியல் சில்லுகளுக்குப் போட்டி ஏற்பட்டது. புதிய சில்லுத் தொழிற்சாலையைக் கட்டி முடிக்கச் சில ஆண்டுகள் ஆகும் என்பதால் நிலைமை உடனே சீராகவில்லை. சாதனத்தை வாங்கியவர்கள் தொடர்ந்து வாங்கும் விளையாட்டுகள்தாம் சோனிக்கு நல்ல வருவாய் தருகின்றன. எனவே, சாதனம் கிடைக்காத ஒவ்வொரு வாடிக்கையாளரும் அந்நிறுவனத்துக்கு இழப்பே. 2023ஆம் ஆண்டு ஜனவரியில்தான் தட்டுப்பாடு நீங்கிவிட்டதாக அது அறிவித்தது.

பல வேளைகளில் இரு காரணங்களும் கலந்தே இருக்கின்றன. ஒரு பொருளை எத்தனை பேர் வாங்குவார்கள் என்பதை முன்கூட்டியே கணிப்பது கடினம். அளவுக்கு அதிகமாகத் தயாரித்தால் பொருள் கிடங்கில் தேங்கி நட்டத்தை ஏற்படுத்தும். குறைவாகத் தயாரித்தால் சிலர் ஏமாற்றமடைவார்கள். ஆயினும், நீண்ட வரிசை செய்தியாகி, செலவில்லாத விளம்பரமாகும். மேற்கூறிய கைக்கடிகாரத்தின் எண்ணிக்கைக்கு வரம்பு இல்லை என்று ஸ்வாட்ச் அறிவித்திருந்தது. எனினும், அதை இணையத்தில் விற்காமல் தேர்ந்தெடுத்த கடைகளில் மட்டுமே விற்றது. தயாரிக்கும் அளவுக்கு வரம்பில்லை. வாங்கும் இடங்களுக்கு வரம்பு இருந்தது.

ஆகவே, நீண்ட வரிசையை மட்டும் பார்த்து உண்மையான காரணத்தைக் கூற இயலாது. பொருளின் எண்ணிக்கைக்கு நிறுவனமே வரம்பு விதித்துள்ளதா, விற்கும் இடங்களைக் குறைத்துள்ளதா, தட்டுப்பாட்டால் அதற்கு இலாபமா இழப்பா ஆகிய கேள்விகளைக் கேட்டுப் பார்க்க வேண்டும்.

காரணம் எதுவாயினும், அவசரப்படுபவரின் பணம் பெரும்பாலும் மறுவிற்பனையாளரின் கைக்கே செல்கிறது. பிளேஸ்டேஷன் 5 சாதனத்துக்காகப் பொறுமையுடன் காத்திருந்தவர்கள் அதைக் கடையின் வழக்கமான விலையிலேயே வாங்கினர். “ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு” என்பது பழமொழி. ‘இன்றே வாங்காவிட்டால் கிடைக்காது’ என்ற எண்ணம் எழும்போது, ‘எளிதாகக் கிடைத்தாலும் இது எனக்குத் தேவைப்படுமா?’ என்று கேட்டுப் பார்ப்பது அறிவுடைமையாகும்.