ஹாலோவீன் டிக்கெட் போடும் முன்: ரீல்ஸில் பார்த்த பயம் ஹைதராபாத்தில் கிடைக்குமா?

அக்டோபர் கடைசி வாரம். ஆபீஸ் வாட்ஸ்அப் குரூப்பில் யாரோ ஒரு ரீலைப் போடுகிறார். புகை மண்டிய தெரு, மோட்டார் ரம்பத்தோடு துரத்தும் முகமூடி ஆசாமி, அலறி ஓடும் கூட்டம். அடுத்த மெசேஜ்: "நம்ம ஊர்லயும் ஹாலோவீன் வைக்கிறாங்களாம், போலாமா?"

கச்சிபௌலியிலோ மாதாப்பூரிலோ வேலை பார்ப்பவர் என்றால் இந்தக் கேள்வி உங்களுக்கும் வந்திருக்கும். ஹைதராபாத்தில் தீம் பார்க் என்றதும் இரண்டு பெயர்கள்தான் முதலில் நினைவுக்கு வரும்: 1996-ல் தொடங்கிய ராமோஜி ஃபிலிம் சிட்டி, 2016-ல் ராவிர்யாலாவில் திறந்த வண்டர்லா. இந்தியத் தீம் பார்க்குகளின் விழாப் பட்டியலில் இப்போது ஹாலோவீனும் சேர்ந்துவிட்டது. ஆனால் போய் வந்தவர்களில் பலர் சொல்வது ஒன்றுதான்: "டிஜே நல்லா இருந்துச்சு. பயமாத்தான் இல்ல."

ஏன் இப்படி? பேய் வேஷம் சரியில்லை என்பது மட்டும் காரணமில்லை. பெரும்பாலும் இது நேரத்தையும் கூட்டத்தையும் பற்றிய கணக்கு.

அந்த ரீல் எங்கே எடுத்தது?

பெரும்பாலும் அமெரிக்காவின் ஆர்லாண்டோவிலோ சிங்கப்பூரிலோ. தீம் பார்க் ஹாலோவீனின் முன்னோடி கலிஃபோர்னியாவின் நாட்ஸ் பெர்ரி ஃபார்ம். அங்கே 1973-ல் ஆரம்பித்தார்கள். யுனிவர்சல் ஸ்டூடியோஸ் ஆர்லாண்டோ 1991-ல் மூன்றே இரவுகள், ஒரே ஒரு பேய் வீடு என்று தொடங்கியது. அதுதான் 'ஹாலோவீன் ஹாரர் நைட்ஸ்' ஆக வளர்ந்து, 2024-ல் ஆகஸ்ட் 30 முதல் நவம்பர் 3 வரை 48 இரவுகள், 10 பேய் வீடுகள் என்ற அளவுக்கு வந்தது. சிங்கப்பூரில் 2011-ல் தொடங்கினார்கள். கொரோனாவால் இரண்டு வருடம் நின்று, 2022-ல் திரும்ப வந்தது.

இதற்குத் தனி டிக்கெட். பகலில் வந்தவர்களை வெளியே அனுப்பிவிட்டு, இரவுக்கென்று பார்க்கையே மாற்றுகிறார்கள். ஆர்லாண்டோவில் போன வருடம் பார்த்த வீடு இந்த வருடம் இருக்காது. ரசிகர்கள் மாதக்கணக்கில் காத்திருப்பது இதற்குத்தான்: இந்த முறை எந்தப் படம், எந்தக் கதை, எத்தனை வீடு? அவர்கள் காசு கொடுப்பது பயத்துக்கு மட்டும் இல்லை, வருடா வருடம் வரும் புதுமைக்கும்தான்.

இங்கே ஏன் அப்படி நடப்பதில்லை?

முதல் காரணம் நாட்காட்டி. தெலங்கானாவில் அக்டோபரை ஒட்டித்தான் பதுகம்மா, தசரா, தீபாவளி எல்லாம் வரிசை கட்டும். 2024-ல் தீபாவளியும் ஹாலோவீனும் ஒரே நாள், அக்டோபர் 31. குடும்பத்தோடு வரும் பண்டிகைக் கூட்டத்தை விட்டுவிட்டு, பேய்க்காக நாற்பது இரவுகளை ஒதுக்க எந்த நிர்வாகமும் யோசிக்கும்.

இரண்டாவது, இருட்டு. அக்டோபர் 31 அன்று ஹைதராபாத்தில் சூரியன் மறைவது சுமார் 5:45 மணிக்கு. பார்க் 7 மணிக்கு மூடுகிறது என்றால், திறந்தவெளியில் உங்களுக்குக் கிடைக்கும் இருட்டு ஒரு மணி நேரம்தான். பகல் வெளிச்சத்தில் ஜோம்பி மேக்கப் போட்டவர் செல்ஃபிக்குத்தான் உதவுவார்.

மூன்றாவது, செலவு. சில இரவுகளுக்காகக் கட்டிப் பிரித்துப் போடும் வீடு லாபம் தராது. மும்பை–புனே சாலையில் இருக்கும் இமேஜிகாவின் 'சலீம்கர்' மாதிரி வருடம் முழுக்க ஓடும் நிரந்தரப் பேய் வீடு கட்டுப்படியாகும். ஆனால் இரண்டாவது முறை போகும்போது, பேய் எந்த மூலையில் நிற்கும் என்று உங்களுக்கே தெரிந்திருக்கும்.

ஒரு சின்னக் கணக்கு

வீட்டுக்குள்ளே பகலிலும் இருட்டாக்கலாமே என்று கேட்கலாம். ஆக்கலாம். ஆனால் அங்கே வேறு சிக்கல்.

நன்றாகப் பயமுறுத்த வேண்டும் என்றால் சின்னக் குழுவாக உள்ளே விட வேண்டும். நிமிடத்துக்கு 8 பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். மணிக்கு 480 பேர். மாலை 4 முதல் 7 வரை 1,440 பேர். அன்று 6,000 டிக்கெட் விற்றிருந்தால், நான்கில் ஒருத்தருக்குக்கூட வாய்ப்பு கிடைக்காது.

சரி, வரிசையை நிறுத்தாமல் மூன்று விநாடிக்கு ஒருத்தரை விட்டால்? மணிக்கு 1,200, மூன்று மணி நேரத்தில் 3,600 பேர். கூட்டம் ஓரளவு குறையும், ஆனால் திகில் போய்விடும். உங்களுக்கு முன்னால் போகிறவர் அலறுவதைப் பார்த்ததுமே பேய் எங்கே ஒளிந்திருக்கிறது என்று தெரிந்துவிடும். ஆர்லாண்டோவிலேயே இந்தக் குறை உண்டு. கூட்ட நாட்களில் பிரபலமான வீட்டுக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் நிற்க வேண்டி வரும். வரிசையைத் தாண்ட எக்ஸ்பிரஸ் பாஸ் வாங்கலாம், அதற்குத் தனிக் காசு.

ஆக, பத்து வீடு, அதிகாலை 2 மணி வரை நேரம் என்பதெல்லாம் வெறும் ஆடம்பரம் இல்லை. கூட்டத்தைப் பிரித்துவிடும் வழி அது. ஒரே வீடு, மூன்று மணி நேரம் என்ற இடத்தில் நீங்கள் வாங்குவது பெரும்பாலும் வரிசையில் நிற்கும் உரிமையைத்தான்.

நம்ம ஊர்ப் பேய் எங்கே?

சிங்கப்பூரில் 2018-ல் மலாய்ப் பேய்க்கதையான பொந்தியானக்கை வைத்து ஒரு வீடு அமைத்தார்கள். நமக்குக் கதைக்கா பஞ்சம்? தெலுங்கு ஊர்களில் 'ஓ ஸ்த்ரீ, ரேபு ரா' (பெண்ணே, நாளைக்கு வா) என்று வாசலில் எழுதிவைத்த கதை இருக்கிறது. நம் பக்கம் மோகினி, முனி, புளியமரம். செட் போடும் கைகளுக்கும் இந்த ஊரில் குறைவில்லை. பூசணிக்காய் முகத்தைவிட, பாட்டி சொன்ன கதைதான் நம்மை உண்மையில் நடுங்க வைக்கும். இங்கே ரசிகர்கள் தாராளமாக எதிர்பார்க்கலாம், கேட்கவும் செய்யலாம்.

விளையாட்டில்லாத பயம்

பேய் வீடு என்பது இருட்டான, குறுகலான, வழி தெரியாத இடம். 1984 மே 11 அன்று நியூஜெர்சியின் சிக்ஸ் ஃபிளாக்ஸ் கிரேட் அட்வென்ச்சரில் இருந்த பேய் மாளிகையில் தீப்பிடித்து, பதின்வயதினர் எட்டுப் பேர் இறந்தார்கள். அங்கே தண்ணீர் தெளிக்கும் ஸ்பிரிங்க்ளர்கள் இல்லை. நம் நாட்டில் 2024 மே மாதம் ராஜ்கோட் டிஆர்பி கேம் ஸோன் தீயில் குறைந்தது 27 பேர் பலியானார்கள். அது தீயணைப்புத் துறையின் தடையில்லாச் சான்று இல்லாமலே இயங்கியது. பாதுகாப்பு இருக்கிறது என்ற நம்பிக்கை இருந்தால்தான் பயம் விளையாட்டாகிறது.

பணம் கட்டும் முன் கேட்க ஐந்து கேள்விகள்

1. எத்தனை மணி வரை? இருட்டிய பிறகு எவ்வளவு நேரம்?
2. பேய் வீடு எத்தனை? நுழைவுச் சீட்டிலேயே சேர்த்தியா, தனிக் காசா?
3. அன்றைக்கு டிக்கெட்டுக்கு உச்சவரம்பு உண்டா?
4. போன வருடத்திலிருந்து என்ன மாறியிருக்கிறது?
5. நடுவழியில் வேண்டாம் என்றால் வெளியேற வழி எங்கே? அவசர வழி அடையாளம் இருட்டில் தெரியுமா?

ஐந்துக்கும் தெளிவான பதில் வந்தால், தைரியமாகப் போங்கள். "டிஜே இருக்கு, டின்னர் இருக்கு" என்று மட்டும் பதில் வந்தால் அதுவும் ஒரு தகவல்தான். அப்போது பார்ட்டிக்குப் போகிற மனநிலையில் போங்கள், ஏமாற்றம் இருக்காது. உள்ளே நுழைந்ததும் முதலில் பேயைத் தேடாதீர்கள். வெளியே போகும் கதவு எங்கே என்று பாருங்கள்.