ஒழுகும் தளம்: புதுப்பிப்பதா, புதிதாய்ப் போடுவதா?

மழைக்காலம் ஓய்ந்ததும் பங்குக் குருமனைக்கு வருகிறவர்களுள் பலர் ஒரே கேள்வியைத்தான் கொண்டுவருகின்றனர். “சாமி, தாத்தா காலத்து வீடு. தளம் ஒழுகுகிறது. பிரித்துச் செப்பனிடலாமா, இடித்துவிட்டுக் கான்கிரீட் போட்டுவிடலாமா?” நாம் பொறியியல் கற்றவர் அல்லோம். எனினும் 25 ஆண்டுகளாகப் பழைய குருமனைகளிலேயே குடியிருந்து, ஒழுகும் இடத்திற்கேற்பக் கட்டிலை நகர்த்தி நகர்த்திப் படுத்த அனுபவம் நமக்கு உண்டு. ஒரு முறை பெரும் தவறும் செய்திருக்கிறோம். அந்த உரிமையில் எழுதுகின்றோம்.

முதலில், நம் தலைக்கு மேல் இருப்பது யாதென்று தெரிந்துகொள்ள வேண்டும். மெட்ராஸ் டெரஸ் என்றும், சில ஊர்களில் கட்டைக்குத்து என்றும் வழங்கும் தளத்தில் தேக்கு உத்திரங்களும் அவற்றின் மேல் நெருக்கமாய்ச் சட்டங்களும் கிடக்கும். எளிய வீடுகளில் தேக்குக்குப் பதிலாகப் பனங்கைகள். சட்டங்களின் மேல் சிறிய, மெல்லிய செங்கற்களைச் சுண்ணாம்புச் சாந்தில் செங்குத்தாகவும் சாய்கோணமாகவும் அடுக்குவர். அதன் மேல் சுண்ணாம்பு கலந்த செங்கல் ஜல்லியைக் கொட்டி, பெண்கள் வரிசையாய் அமர்ந்து மரக்கட்டையால் நாள்கணக்கில் அடித்து இறுக்குவர். கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரைத் தெளித்துக்கொண்டே அடிப்பது வழக்கம். அந்தக் கட்டைகளின் தாளத்திற்கேற்ப அவர்கள் பாடிய பாட்டைச் சிறுவயதில் கேட்டவர் நம்முள் இன்னும் சிலர் இருக்கக்கூடும். எல்லாவற்றுக்கும் மேலே தட்டோடு பதித்துப் பூசினால் தளம் முடிந்தது.

இந்தத் தளத்திற்கு ஒரு குணம் உண்டு. சுண்ணாம்பு நனையும், நனைந்தது வெயிலில் உலரவும் செய்யும். உள்ளே புகுந்த ஈரம் வெளியேற வழி இருக்கும்வரை மரம் பிழைத்திருக்கும். இதை அறியாமல்தான் நாம் தவறு செய்தோம்.

ஏறத்தாழ 20 ஆண்டுகளுக்கு முன், கடற்கரைப் பங்கு ஒன்றில் பணியாற்றிய காலம். குருமனைத் தளம் ஒழுகியது. கையிலிருந்த பணம் குறைவு. பொறுமை அதனினும் குறைவு. பழைய தட்டோட்டின் மேலேயே ஓர் அங்குலக் கனத்திற்குச் சிமெண்டுப் பூச்சு போடச் செய்தோம். பழைய ஆடையில் புதுத் துணியை ஒட்டுப்போடும் உவமையை எத்தனையோ ஞாயிறுகளில் விளக்கியிருந்த நாம், நம் தலைக்கு மேல் அதையே செய்தோம்! இரண்டு மழைக்காலம் ஒரு சொட்டும் இறங்கவில்லை. நம் சாமர்த்தியத்தை மெச்சாதவர் இல்லை. மூன்றாம் ஆண்டு, ஓர் இரவு, மறைக்கல்வி வகுப்பு நடக்கும் அறையில் மேற்கூரையின் ஒரு மூலை இடிந்து விழுந்தது. பகலில் அவ்விடத்தில்தான் சிறுவர்கள் பாயில் அமர்ந்திருந்தனர்.

காலையில் ஆசாரி வந்து பார்த்தார். வெயிலில் விரிந்து சுருங்கிய சிமெண்டில் மயிரிழை போன்ற வெடிப்புகள். அவற்றின் வழியே இறங்கிய நீர் மேலேற வழியின்றி, சுவருக்குள் புதைந்திருந்த உத்திர நுனிகளில் தங்கியிருக்கிறது. மரத்தின் நடுப்பகுதி இரும்பு போலிருந்தது. நுனியோ கையில் எடுத்தால் பொடியாயிற்று. போதாக்குறைக்கு நாம் ஏற்றிய பாரம்! ஓர் அங்குலச் சிமெண்டுப் பூச்சு நூறு சதுர அடிக்கு ஏறத்தாழ அரை டன் எடை வரும். முந்நூறு சதுர அடி அறையின் மேல் ஒன்றரை டன் சுமையைச் சிரித்துக்கொண்டே ஏற்றிவைத்தோம்.

ஆகவே, கேள்வியோடு வருகிறவர்களிடம் நாம் முதலில் கேட்பது இதுதான்: “உத்திரத்தின் நுனியைப் பார்த்தீர்களா?” பெரும்பாலோர் பார்த்ததில்லை. ஒழுகும் இடத்தைப் பார்த்திருப்பார்கள். பூச்சு உதிர்ந்ததைப் பார்த்திருப்பார்கள். ஆனால் தளத்தின் மேற்பரப்பு எத்துணை அவலட்சணமாயினும் அது முடிவைச் சொல்லாது. தாங்குகின்ற உறுப்புதான் சொல்ல வேண்டும். உத்திரத்தடியில் முதலில் முட்டுக்கொடுங்கள். பிறகு சுவரில் ஒரு செங்கல்லைப் பெயர்த்து, கூர்மையான உளியால் நுனியைக் குத்திப் பாருங்கள். உளி இறங்க மறுத்தால் மரம் நலமாயிருக்கிறது. வெண்ணெயில் இறங்குவதுபோல் இறங்கினால் அந்த உத்திரம் போயிற்று. சுத்தியலால் தட்டினால் பொள்ளென்று கேட்பதும், சுவரோரம் கரையான் மண்வழி தென்படுவதும் கெட்ட அறிகுறிகள். ஓர் உத்திரத்தைப் பார்த்துவிட்டு மற்றவற்றுக்கும் தீர்ப்பு எழுதாதீர்கள். ஒவ்வொன்றையும் பார்க்க வேண்டும்.

ஒரே கட்டுமானத்திற்குக் காலத்திற்கேற்ப இரண்டு தீர்ப்புகளும் பொருந்தலாம். பாம்பன் ரயில் பாலம் 1914-இல் திறக்கப்பட்டது. 1964 டிசம்பர்ப் புயலில் அதன் உத்திரங்களுள் பெரும்பாலானவை கடலில் விழுந்தன. ஆனால் தூண்களில் மிகப் பல நிலைத்து நின்றன. ஆகையால் அன்று செப்பனிடுவதே சரியாயிற்று. இளம் பொறியாளராயிருந்த ஈ. ஸ்ரீதரன் மேற்பார்வையில் அவ்வேலை 46 நாள்களில் முடிந்தது. அதே பாலத்தில் 2022 டிசம்பரில் ரயில்கள் நிறுத்தப்பட்டன. நூறாண்டு உப்புக்காற்று இரும்பை அரித்திருந்தது. இனிச் செப்பனிட்டுப் பயனில்லை என்றாயிற்று. அருகிலேயே எழுந்த புதிய பாலம் 2025 ஏப்ரல் 6 அன்று திறக்கப்பட்டது. முன்னோர் செய்தது என்பதற்காக யாரும் பழையதில் ரயிலை ஓட்டவில்லை. பழையது என்பதற்காக 1964-இல் யாரும் அதைக் கைவிடவுமில்லை.

வெளிநாட்டில் உழைக்கும் பிள்ளைகள் பணம் அனுப்பியதும், “கான்கிரீட் போட்டால் பேரன் காலம்வரை கவலையில்லை” என்கிறார்கள். நாம் கான்கிரீட்டுக்குப் பகைவரல்லோம். ஆனால் கடலோரத்தில் உப்புக்காற்று கான்கிரீட்டுக்குள்ளும் நுழைகின்றது. கழுவாத கடல்மணலைக் கலந்துவிட்டாலோ உப்பைக் கையாலேயே உள்ளே வைத்ததாகும். கம்பி துருப்பிடித்தால் பருத்து, தன்னை மூடிய கான்கிரீட்டையே உடைத்துத் தள்ளும். 30 ஆண்டுகூட ஆகாத தளங்களில் கம்பி பல்லிளிப்பதை நம் ஊர்களில் யார்தான் காணவில்லை? இன்னொன்று: கான்கிரீட் தளம் வந்தவுடன் அதன் மேல் ஒரு மாடி எழுப்பும் ஆசையும் கூடவே வரும். மண்சாந்தில் எழுந்த பழைய சுவர் அந்த ஆசையைத் தாங்குமா என்பதைத் தகுதியுள்ள பொறியாளர் அடித்தளத்தைத் தோண்டிப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். அவருக்குக் கொடுக்கும் கூலியை வீண்செலவென்று எண்ணாதீர்கள்.

செப்பனிடுவதிலும் இடர் உண்டு. சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார் அருகிவிட்டனர். தெரிந்தவர்போல் நடிப்பவர் ஏராளம். சுண்ணாம்பை எத்தனை நாள் ஊறவைப்பீர் என்று கேளுங்கள். “அதெல்லாம் வேண்டாம் சாமி, கொஞ்சம் சிமெண்டு சேர்த்துக்கலாம்” என்பவரை மோர் கொடுத்து அனுப்பிவிடலாம்.

நாம் இப்போது வாழும் குருமனையிலும் இதே வழக்கு எழுந்தது. பங்குப் பேரவை இரண்டாய்ப் பிரிந்தது. முன்னோர் தந்த தேக்கைத் தொடக்கூடாதென்று பெரியவர்கள். பழங்கட்டடத்தைக் கட்டியழுவானேன் என்று இளைஞர்கள். மூன்று கூட்டங்கள் நடந்தன, தேநீர்ச் செலவுதான் மிச்சம். பிறகு இரு தரப்பிலும் இருவரை அழைத்துக்கொண்டு, ஆசாரியோடு ஏணியில் ஏறினோம். பதினொரு உத்திரங்களில் வடபுறத்து ஏழும் உளிக்கு அசையவில்லை. தென்புறத்து நான்கு நுனிகளும் மட்கியிருந்தன. அந்தப் பக்கம் மழைநீர்க் குழாய் பல ஆண்டுகளாய் உடைந்து சுவரை நனைத்திருந்தது. அதைப் பார்த்தபின் விவாதிக்க அதிகமில்லை.

வடபுறத் தளத்தில் மேற்பகுதியை மட்டும் எடுத்துவிட்டுச் சுண்ணாம்பு ஜல்லியும் தட்டோடும் புதிதாய்ப் பதித்தோம். தென்புற அறையை முற்றிலும் பிரித்து, பொறியாளர் வரைந்தபடி கான்கிரீட் போட்டு, பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்தினோம். இரண்டும் சேரும் இடத்தில் தனித்தனியே அசைய இடைவெளி விட்டிருக்கின்றோம். உடைந்த குழாயை மாற்ற ஆன செலவுதான் எல்லாவற்றிலும் சிறியது. மட்கிய நான்கு உத்திரங்களில் நுனியை அறுத்தெறிந்தபின் நல்ல மரம் மிகுதியாய் இருந்தது. ஆசாரி அதில் மறைக்கல்வி அறைக்கு ஆறு பெஞ்சுகள் செய்து கொடுத்தார்.