உறைபனிக் காலத்தில் தேயிலைச் செடிகளைக் காப்பது எப்படி?

நீலகிரியில் ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்ததும் முதலில் இறங்குவது நீர்ப்பனி. காலையில் புல் நுனியில் முத்து முத்தாக நிற்கும் இந்தப் பனியால் செடிகளுக்குக் கேடில்லை. அதற்கடுத்த வாரங்களில் ஒருநாள், வானம் கழுவிவிட்டாற்போல் தெளிந்த விடியற்காலையில், தலைக்குந்தா, காந்தல் போன்ற இடங்களின் புல்வெளிகள் உப்பைக் கொட்டி வைத்தாற்போல் வெளுத்துக் கிடக்கும். இதுதான் உறைபனி. உதகைக்கு வரும் சுற்றுலாப் பயணிகளுக்கு இது கண்கொள்ளாக் காட்சி. பள்ளத்தில் அரை ஏக்கர் தேயிலை வைத்திருக்கும் விவசாயிக்கோ அந்த ஒரு காலை, அடுத்து வரும் இரண்டு மூன்று மாதக் கொழுந்தைக் கொண்டு போய்விடுகிறது. தொழிற்சாலைக்குக் கொழுந்து போகாத மாதங்களிலும் கடைக்கணக்கும் பிள்ளைகளின் பள்ளிச் செலவும் நிற்பதில்லை.

நவம்பர் முதல் பிப்ரவரி வரை இந்த அபாயம் உண்டு. டிசம்பரின் பிற்பகுதியும் ஜனவரியும் மிகக் கடுமையானவை. ஆனால் ஒரே ஊரில், ஒரே தோட்டத்தில்கூட மேல் வரிசைகள் பச்சையாக இருக்க, கீழ் வரிசைகள் மட்டும் தீயில் வாட்டியதுபோல் கருகி நிற்பதைக் காணலாம். இதன் காரணத்தைப் புரிந்துகொண்டால், பாதுகாப்பில் பாதி வேலை முடிந்த மாதிரி.

பகலில் வெயிலால் சூடேறும் மண், இரவில் அந்த வெப்பத்தை வானை நோக்கி வெளிவிடுகிறது. மேகம் இருந்தால் அது கம்பளிபோல் மூடிக்கொண்டு வெப்பத்தில் ஒரு பகுதியைத் திருப்பி அனுப்பும். மேகமில்லாத, காற்று ஈரமற்றிருக்கும் இரவில் வெப்பம் தடையின்றி வெளியேறிவிடும். மண்ணும் இலையும் குளிர்ந்து, அவற்றையொட்டிய காற்றும் குளிர்கிறது. குளிர்ந்த காற்று கனமானது. அது தண்ணீரைப் போலவே சரிவில் இறங்கி, பள்ளத்தில் குளம் கட்டி நிற்கும். இரவில் சிறிது காற்று வீசினால்கூட மேலேயுள்ள சூடான காற்று கீழே கலந்து பனி விழாமல் தடுத்துவிடும். ஆகவே தெளிந்த வானம், அசைவற்ற காற்று, சில நாட்களாக மழையின்மை ஆகிய மூன்றும் சேர்ந்த மாலையில் விவசாயி எச்சரிக்கையாக இருக்க வேண்டும்.

வானொலியிலும் செய்தித்தாளிலும் சொல்லப்படும் வெப்பநிலையை மட்டும் நம்பியிருப்பது தவறு. வானிலை நிலையத்தில் வெப்பமானி, காற்றோட்டமுள்ள மரக்கூண்டுக்குள் சுமார் 4 அடி உயரத்தில் இருக்கிறது. திறந்த வெளியில், தரையோடு ஒட்டிய புல்லின் வெப்பநிலை அதைவிட மூன்று நான்கு டிகிரி குறைவாக இருக்கக்கூடும். உதகையில் 3 டிகிரி சென்டிகிரேடு என்ற செய்தி வரும் நாளில், கீழே பள்ளத்தில் செடியின் மேல் பனி உறைந்திருப்பதில் வியப்பில்லை. சாதாரண வெப்பமானி இரண்டு வாங்கி, ஒன்றைப் பள்ளத்திலும் மற்றொன்றை மேட்டிலும் கொழுந்து பறிக்கும் மட்டத்தில் கட்டி வைப்பது, அதன் விலைக்குப் பல மடங்கு பயன் தரும் செலவு.

செடிக்குள் நடப்பது என்ன?

இலையின் உயிரணுக்களுக்கு இடையேயுள்ள நீர் முதலில் உறைகிறது. உறைந்த பனித்துகள், உயிரணுவினுள் இருக்கும் நீரை வெளியே இழுக்கிறது. நீரிழந்த உயிரணு சுருங்கி, அதன் மெல்லிய உறை கிழிந்துவிடுகிறது. பனி மெதுவாக உருகினால், உயிர் தப்பிய அணுக்கள் இழந்த நீரைத் திரும்ப உறிஞ்சிக்கொள்ள வாய்ப்புண்டு. காலை வெயில் நேரே அடித்து விரைவில் உருகினால் அந்த வாய்ப்பு குறைந்துவிடும். கிழக்குச் சரிவில் இருக்கும் செடிகள் அதிகம் கருகுவதற்கு இது ஒரு காரணம். இளங்கொழுந்தில் நீர் மிகுதி. ஆகவே அது முதலில் போகும். முற்றிய இலை சற்றுத் தாங்கும். காற்றில் ஈரம் மிகக் குறைந்திருந்தால் வெண்பனி கண்ணில் படாமலே செடி கறுத்துப் போவதும் உண்டு. "பனியே விழவில்லையே, எப்படிக் கருகியது?" என்று சில விவசாயிகள் கேட்பது இதனால்தான்.

சீன வகைச் சிற்றிலைத் தேயிலை குளிரை நன்கு தாங்கும். அசாம் வகைப் பேரிலைத் தேயிலை அவ்வளவு தாங்காது. நீலகிரியில் 1830களில் கேத்தியில் சோதனையாக நடப்பட்டவையும் சீனச் செடிகளே. விளைச்சலை மட்டும் பார்த்துப் பேரிலைச் சாயல் உள்ள கன்றுகளைப் பள்ளத்தில் நடுவது ஒருவகையில் சூதாட்டம்.

மழை ஓயும் முன்பே தொடங்க வேண்டிய வேலைகள்

பனிக்குத் தப்பும் செடி, பனிக்காலத்துக்கு முன்பே உருவாகிறது. மழையின் கடைசியில் யூரியாவைத் தாராளமாக இட்டால் டிசம்பரில் செடி முழுவதும் மெல்லிய தளிர் நிற்கும். அத்தனையும் பனிக்கு இரையாகும். தழைச்சத்தைக் குறைத்து, சாம்பல்சத்தைக் குறைவின்றி இட்டால் தண்டும் இலையும் முற்றிக் குளிரைத் தாங்கும் தன்மை பெறும். கவாத்தும் அப்படியே. ஆகஸ்டு, செப்டம்பரில் கவாத்துச் செய்த செடி பனிக்காலத்தில் இளந்தளிருடன் தரைக்கு அருகே நிற்கும். பனி விழும் பள்ளங்களில் கவாத்தைக் கோடை மழைக்குத் தள்ளிப்போடுவதே நல்லது.

தோட்டத்தின் கீழெல்லையில் அடர்த்தியான வேலி இருந்தால், அது குளிர்காற்றுக்கு அணை கட்டியதைப் போன்றது. ஆங்காங்கே சில அடி அகலத்துக்கு வேலியைத் திறந்துவிட வேண்டும். மாறாக, தோட்டத்தின் மேலெல்லையில் வேலியை அடர்த்தியாக விட்டால், மேலிருந்து இறங்கும் குளிர்காற்றைத் திசை திருப்பலாம். நிழலுக்கு நிற்கும் சில்வர் ஓக் மரங்களைப் பள்ளத்தில் வெட்டாமலிருப்பது அவசியம். மரத்தின் கீழுள்ள இலை வெப்பத்தை வானுக்கு முழுவதும் இழப்பதில்லை. மேலுள்ள கிளைகள் அதைத் தடுத்துத் திருப்பி அனுப்புகின்றன.

மூடாக்கு விஷயத்தில் குழப்பம் அதிகம். வெளிநாட்டுத் தோட்டக்கலைப் புத்தகங்களில் கார்டீனியா போன்ற பூஞ்செடிகளைக் குளிர்காலத்தில் காக்க அடியில் கனமாக மூடாக்கு போடச் சொல்லியிருக்கும். அங்கெல்லாம் மண்ணே உறையும். வேரைக் காக்க அது தேவை. நீலகிரியில் அவ்வாறு வேர் உறைவதில்லை. சேதம் முழுவதும் மேலே இலையில்தான். காய்ந்த சருகு, பகல் வெயில் மண்ணில் இறங்குவதையும், இரவில் மண்ணின் சூடு மேலே வருவதையும் தடுத்து, செடியைச் சுற்றியுள்ள காற்றை மேலும் குளிரச் செய்யும். கொத்திப் பொலபொலப்பாக்கிய மண்ணும் அவ்வாறே. களையின்றி, இறுகி, ஈரமாக இருக்கும் வெறும் மண்ணே இரவில் அதிகச் சூடு தரும். எனவே பள்ளத்து வரிசைகளில் டிசம்பர், ஜனவரியில் மூடாக்கை ஒதுக்கி வைத்து, பனி நின்றபின் திரும்பப் பரப்ப வேண்டும். மேட்டு வரிசைகளில் இந்த வேலை தேவையில்லை. அங்கே கோடை வறட்சிக்கு மூடாக்கு இருக்கட்டும். பள்ளத்துக்கு நீர் பாய்ச்ச வசதியிருந்தால் பகலில் பாய்ச்சி, மண்ணை ஈரமாக வைப்பது மிக நல்லது.

மூடிக் காத்தல்

நட்ட ஓரிரு ஆண்டுக் கன்றுகளுக்கே அபாயம் அதிகம்; குளிர்ந்த காற்று நிற்கும் உயரத்தில்தான் அவை இருக்கின்றன. மலைப்பகுதியில் தானே வளரும் பெரணிச் செடியை வெட்டி, ஒவ்வொரு கன்றைச் சுற்றியும் மூன்று நான்கு குத்தி, நுனிகள் கன்றின் மேல் சாயுமாறு விட்டால் போதும். கிழக்குப் பக்கம் சற்று அடர்த்தியாகக் குத்தினால் காலை வெயிலும் நேரே தாக்காது. வெளிச்சம் ஊடுருவுமாதலால் இதைத் தினமும் எடுக்க வேண்டியதில்லை. உதகை அரசு தாவரவியல் பூங்காவில் பூஞ்செடிகளைக் கோத்தகிரி மிலார்ச் செடிகளால் மறைத்து வைப்பதும் இதே முறைதான். வளர்ந்த செடிகளின் மேல் பெரணியை லேசாகப் பரப்பலாம்.

வீட்டு முற்றத்தில் இருக்கும் கார்டீனியா, கமேலியா போன்ற செடிகளுக்கும் நாற்றங்காலுக்கும் சாக்கு அல்லது பழைய துணி ஏற்றது. நான்கு குச்சி நட்டு, துணி இலையைத் தொடாமல் கூடாரம் போல் தரைவரை தொங்கவிட வேண்டும். செடியைத் துணியால் சுற்றித் தண்டோடு கட்டுவது பயன் தராது. செடி தானாகச் சூடு உண்டாக்குவதில்லை. மண்ணிலிருந்து எழும் சூட்டைப் பிடித்து வைப்பதே மூடலின் நோக்கம். பிளாஸ்டிக் தாள் இலையைத் தொட்டால், தொட்ட இடம் கருகும். துணியானாலும் தாளானாலும் மாலையில் மூடி, வெயில் ஏறி வெப்பம் வந்தபின் எடுத்துவிட வேண்டும். தொட்டியில் இருப்பவற்றைச் சுவரோரம், தாழ்வாரத்தின் கீழே நகர்த்தி வைத்தாலே போதும்.

தண்ணீர் தெளித்தல்

ஒரு கிராம் நீர் உறையும்போது சுமார் 80 கலோரி வெப்பத்தை வெளிவிடுகிறது. இலையின் மேல் நீர் இடைவிடாமல் விழுந்து உறைந்துகொண்டே இருந்தால், இலையின் வெப்பநிலை 0 டிகிரியை ஒட்டியே நிற்கும். அதற்குக் கீழே போகாது. தெளிப்பான் முறையின் சூட்சுமம் இதுதான். ஆனால் ஒரு கிராம் நீர் ஆவியாக அதைப்போல் ஏழு மடங்குக்கும் அதிகமாக, ஏறத்தாழ 600 கலோரி வெப்பம் வேண்டும். பாதியில் தெளிப்பை நிறுத்தினால், ஆவியாகும் நீர் அந்த வெப்பத்தை இலையிலிருந்தே பிடுங்கிக்கொள்ளும். தெளிக்காத செடியைவிடத் தெளித்த செடி மோசமாகக் கருகும். தொடங்கினால் பனி முழுவதும் உருகும்வரை நிறுத்தக்கூடாது.

மணிக்கு 2.5 மில்லிமீட்டர் அளவு தெளிக்க அரை ஏக்கருக்கு மணிக்குச் சுமார் 5,000 லிட்டர் வேண்டும். ஆறு மணி நேரத்துக்கு 30,000 லிட்டர். மின்சாரம் நள்ளிரவில் நின்றால் நிலைமை என்னவாகும் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். சிறு விவசாயிகளுக்கு இந்த முறை பெரும்பாலும் ஏற்றதல்ல. அவர்கள் செய்யக்கூடியது வேறொன்று: வெயில் படுவதற்கு முன், ஊற்றுநீரையோ கிணற்றுநீரையோ கைத்தெளிப்பானால் தெளித்து, இலைமேல் படிந்த பனியைக் கரைத்துவிடுவது. வெயில் வருவதற்குள் எத்தனை வரிசை முடிக்க இயலுமோ அத்தனையை மட்டும் எடுத்துக்கொள்வது நல்லது. கன்றுகளும், முதலில் வெயில் படும் வரிசைகளும் முந்த வேண்டும்.

சருகைக் கொளுத்திப் புகை போடும் பழக்கம் பல இடங்களில் உண்டு. இதில் கிடைக்கும் பலன் மிகச் சொற்பம். புகைத்துகள்கள் மிக நுண்ணியவை. மேகத்தைப் போல் பூமியின் வெப்பத்தைத் தடுப்பதில்லை. ஜனவரி, பிப்ரவரியில் காய்ந்து கிடக்கும் புல்வெளிக்கும் காட்டுக்கும் தீ பரவும் அபாயமோ பெரிது.

கருகிய பின்

கருகிய செடியைக் கண்டதும் கத்தியை எடுப்பதே பெரும் பிழை. எதுவரை செத்தது, எதுவரை உயிரோடு இருக்கிறது என்பது உடனே தெரியாது. கருகிய இலை பார்க்க அலங்கோலமாக இருந்தாலும், அடியிலுள்ள மொட்டுக்கு அடுத்த பனியிலிருந்து சிறிது மறைவு தருகிறது. உடனே வெட்டினால் புதுத் தளிர் எழும். இன்னொரு பனியில் அதுவும் போகும். செடி சேமித்து வைத்த மாவுச்சத்து இருமுறை வீணாகும். பனி அபாயம் நீங்கி, கோடை மழை தொடங்கும்வரை பொறுத்திருக்க வேண்டும். பிறகு கிளைப் பட்டையை நகத்தால் கீறிப் பார்த்தால் உள்ளே பச்சையாக இருக்குமிடம் உயிருள்ளது. பழுப்பாக இருந்தால் செத்தது. பச்சைக்குச் சற்றுக் கீழே சாய்வாக வெட்டி, பெரிய வெட்டுக்காயங்களில் போர்டோ பசையைத் தடவ வேண்டும். புதுத் தளிர் வந்ததும் அவசரப்பட்டுப் பறிக்காமல், சில இலைகள் முற்றி நிற்க விட்டபின்பே கொழுந்து எடுக்கலாம். உரமும் தளிர் வந்த பிறகுதான்.

1970களிலும் 1980களிலும் உருளைக்கிழங்கு நிலங்கள் பல தேயிலையாக மாறின. பள்ளத்து அடியில் கிழங்கு விளைந்த இடத்திலும் அப்போது தேயிலை ஏறியது. கிழங்குக்குப் பருவத்தை மாற்றிக்கொள்ளலாம். பனி கடந்தபின் கார்போகத்தில் விதைக்கலாம். தேயிலை ஆண்டு முழுவதும் நிற்கும் செடி. அது எங்கும் நகர முடியாது. ஆண்டுதோறும் கருகும் கடைசி நான்கைந்து வரிசைகளை எத்தனை பெரணி போட்டும் காப்பது கடினம். கூலியும் உரமும் அங்கே வீணாகின்றன. அந்த வரிசைகளை எடுத்துவிட்டு, பருவத்துக்கேற்ற மலைக்காய்கறி செய்வது நட்டமல்ல. குளிர்காற்று வடிய வழியும் திறக்கும்.

எந்த வரிசை வரை எடுக்கலாம் என்பதை ஊகத்தால் முடிவு செய்ய வேண்டாம். இந்தப் பனிக்காலத்தில் வெள்ளை படிந்த ஒவ்வொரு காலையும் அதன் மேல்விளிம்பில் ஒரு முளைக்குச்சி நட்டு வரலாம். பிப்ரவரி முடிவில் குச்சிகள் அதிகம் கூடி நிற்கும் கோடே அந்தத் தோட்டத்தின் பனிக்கோடு. அந்தக் கோட்டைக் குறித்துக்கொண்டு, குன்னூர் உபாசி வேளாண் அறிவியல் நிலையத்தையோ, உதகையிலுள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையத்தையோ அணுகினால், கோட்டுக்குக் கீழே எதை நடலாம் என்பதற்கு ஆலோசனை கேட்டுப் பெறலாம்.