பரம்பரைக் குறையும் சிகரெட் புகையும்

ஆயுள் முழுதும் சிகரெட் பிடித்தும் எழுபதில் மாடிப்படி ஏறுபவர் உண்டு. நாற்பதிலேயே மூச்சு வாங்கி நிற்பவரும் உண்டு. இந்த வித்தியாசத்துக்கு ஒரு காரணம் பிறப்பிலேயே இருக்கலாம்.

1963-ல் சுவீடனின் மால்மோ நகரில் லாரெல், எரிக்சன் என்ற இரு டாக்டர்கள் சுமார் 1,500 ரத்த மாதிரிகளைப் பரிசோதித்தனர். ஐந்தில் மட்டும் ஆல்பா-1 என்ற புரதக் கோடு காணப்படவில்லை. அந்த ஐவரில் மூவருக்கு இளவயதிலேயே நுரையீரல் பழுதாகியிருந்தது.

கிருமிகளை அழிக்க வெள்ளை அணுக்கள் சுரக்கும் என்சைம், மெல்லிய காற்றுப்பைகளையே அரித்துவிடாமல் காப்பது கல்லீரலில் உற்பத்தியாகும் 'ஆல்பா-1 ஆன்டிடிரிப்சின்'. தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுதான ஜீன் வந்தால் இந்தக் காவல் குறைகிறது. மிஞ்சிய காவலையும் புகை முடக்கிவிடுகிறது.

1972 முதல் 1974 வரை சுவீடனில் 2 லட்சம் சிசுக்களைச் சோதித்து, இக்குறையுள்ள நூற்றுக்கு மேற்பட்டவர்களைத் தொடர்ந்து கவனித்தனர். அவர்கள் நாற்பதை நெருங்கியபோது, புகைக்காதவர்களின் நுரையீரல் பெரும்பாலும் சீராக இருந்தது. புகைத்தவர்களிடம் நோயின் அறிகுறிகள் தெரிந்தன.

குடும்பத்தில் இளவயதிலேயே யாருக்காவது இந்நோய் வந்திருந்தால், டாக்டரிடம் சொல்லி ரத்தப் பரிசோதனை செய்துகொள்வது நல்லது. குறை இல்லாதவரையும் புகை சும்மா விடாது. பிறப்பில் வந்ததை மாற்ற இயலாது. கையிலுள்ள சிகரெட்டை அணைக்கலாம்.