புவியதிர்வுமானியும் வெப்பமெனும் பகையும்

2004 டிசம்பர் 26ஆம் திகதி காலை சுமாத்திராவுக்கு அப்பால் கடலடியில் ஏற்பட்ட பூமியதிர்ச்சி, சில நிமிடங்களிலேயே கண்டிக்கு அருகிலுள்ள பல்லேகலை நிலையத்தின் புவியதிர்வுமானியை எட்டியது. முல்லைத்தீவு, மருதமுனை, கல்முனை உள்ளிட்ட எமது கரையோரங்களை ஆழிப்பேரலை தாக்கியதோ ஏறத்தாழ இரண்டு மணித்தியாலங்களின் பின்னராகும். பசுபிக் சுனாமி எச்சரிக்கை நிலையம் அவ்வதிர்ச்சியின் பருமனை முதலில் 8.0 எனவே கணித்தது. அது 9.1 என்பது பின்னரே தெளிவாகியது.

இத்தகைய பேரதிர்ச்சியின் முழுப் பலத்தையும் வேகமான அதிர்வுகள் வெளிப்படுத்துவதில்லை. ஓர் அலைவு நிறைவடைய நூற்றுக்கணக்கான செக்கன்கள் எடுக்கும் மிக மெதுவான அலைகளே அதனை உணர்த்துகின்றன. அவற்றை அளக்கும் கருவிக்குப் பெரும் பகையாக விளங்குவது வெப்பநிலை மாற்றமாகும்.

கருவியினுள்ளே வில்லொன்றினால் தாங்கப்பட்ட திணிவு உள்ளது. வெப்பநிலை மாறும்போது வில்லின் மீள்தன்மையும் மாறுவதால் திணிவு சற்றே இடம்பெயர்கின்றது. நிலம் அசையாதபோதும் அசைந்தது போன்ற பதிவு உண்டாகின்றது. வெயிலால் தரை மிகச் சிறிதளவு சாய்ந்தாலும், கருவியைச் சூழ்ந்துள்ள காற்று சுழன்றாலும் இதே தவறு நேரும். இம்மாற்றங்கள் மெதுவானவை என்பதால் நாம் தேடும் மெதுவான அலைகளையே அவை மறைத்துவிடுகின்றன.

நிக்கல் உருக்குக் கலப்புலோக ஆய்வுக்காக 1920 இல் பௌதிகவியலுக்கான நோபல் பரிசைப் பெற்ற ஷார்ல் எடுவார் கியோம், வெப்பத்தால் மீள்தன்மை பெரிதும் மாறாத எலின்வார் என்னும் கலப்புலோகத்தை உருவாக்கினார். எனினும் உலோகம் மாத்திரம் போதுமானதல்ல. பகலிரவு வெப்ப வேறுபாடு நிலத்தினுள் ஒரு மீற்றர் ஆழத்தில் பெரும்பாலும் அடங்கிவிடும். ஆகவே கருவிகள் நிலவறைகளிலோ, நூறு மீற்றர் வரையிலான துளைக்கிணறுகளிலோ வைக்கப்படுகின்றன. நிலவறையில் தடித்த றெஜிபோம் பெட்டியால் கருவியை மூடி, காற்று சுழலாதவாறு இடைவெளிகளை நிரப்புவர். அடிக்கடி கதவைத் திறப்பதும் தவிர்க்கப்படுகின்றது. உள்ளே செல்பவரின் உடல்வெப்பமும் பதிவைக் குழப்பக்கூடும். நிறுவிய பின்னர் கருவி நிலைபெறச் சில நாட்கள் பொறுத்திருக்கவும் வேண்டும்.

2012 ஏப்ரல் 11ஆம் திகதி அதே கடற்பரப்பில் 8.6 அளவிலான அதிர்ச்சி ஏற்பட்டபோது எமது கரையோர மக்கள் மீண்டும் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடினர். பேரலை வரவில்லை. கடலடி மேலெழுந்ததா, பக்கவாட்டில் நகர்ந்ததா என்பதை அறியவும் அந்த மெதுவான அலைகளே உதவுகின்றன.

கருவியைக் கொள்வனவு செய்வது ஒருநாள் நிகழ்வு. திறப்பு விழாவுடன் அது முடிந்துவிடும். அதனை வெப்பத்திலிருந்து காத்துப் பேணுவதோ ஆண்டாண்டு காலப் பணியாகும். எவர் கண்ணிலும் படாத அப்பணிக்கு நிதியும் பயிற்சிபெற்ற ஆளணியும் தடையின்றிக் கிடைப்பதை உரியவர்கள் உறுதிசெய்ய வேண்டும். கரையோர மக்களுக்குக் கிடைக்கும் எச்சரிக்கையின் நம்பகத்தன்மை அந்த நிலவறையிலிருந்தே ஆரம்பமாகின்றது என்பதை நாம் வலியுறுத்துகின்றோம்.